அப்பீல் வக்கீலின் தொண்டு

உரிமைக் கிளர்ச்சி என்றவுடன் ஊர்வலமும் சிறைவாசமுமே நம் ஞாபகத்திற்கு வருகின்றன. அப்பீல் மனுக்களைச் சுமந்துகொண்டு கோர்ட்டுக்குக் கோர்ட்டு அலைந்தவர்களை ஜனங்கள் அதிகம் அறிவதில்லை. அமெரிக்காவில் அவ்வாறு உழைத்த கறுப்பு வக்கீல்களுள் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி அம்மையார் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் என்பது நமது அபிப்பிராயம்.

ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பு வாலிபரைச் சேர்த்துக்கொள்ள மிஸிஸிப்பி சர்வகலாசாலை மறுத்தது. 1961-ல் அவருக்காக அம்மையார் வழக்குத் தொடுத்தார். கீழ்க் கோர்ட்டு கைவிரித்தது. 1962 ஜூனில் அப்பீல் கோர்ட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும், வழக்கை விசாரித்த பெஞ்சில் அமராத ஒரு நீதிபதி, ஒரு முறையல்ல, நான்கு முறை அத்தீர்ப்புக்குத் தடை விதித்தார்! அம்மையார் சளைக்கவில்லை. செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஹியூகோ பிளாக் அத்தடைகளை ரத்து செய்தார். இருவர் உயிரைப் பலிகொண்ட கலகம் மூண்டதற்கு மறுநாள், அக்டோபர் 1-ந் தேதி, மெரிடித் மாணவரானார். ஜயித்த வழக்கின் பலனை அடைவதற்கே இவ்வளவு பாடு.

சுப்ரீம் கோர்ட்டில் அம்மையார் வாதித்த வழக்குகள் பத்து, ஒன்பதில் ஜயம். பத்தாவதே நம் மனத்தை உறுத்துகிறது. அலபாமாவில் வெள்ளையரே அடங்கிய ஜூரி ஒரு கறுப்பருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. ஜூரியிலிருந்து கறுப்பரைக் கழித்துக்கட்டியது அநீதி என்று வாதித்த அம்மையார், 1965-ல் தோற்றார். மறு வருஷமே அவர் நீதிபதி பீடம் ஏறிவிட்டார். அன்று அவ்வளவு கடினமான ருஜுவைக் கேட்டது சரியல்லவென்று, 1986-ல் வேறொரு வழக்கில், அதே கோர்ட்டு ஒப்புக்கொண்டது. இடையே 21 வருஷங்கள்! அத்தகைய ஜூரிகளின்முன் அக்காலத்தில் நின்றவர்களுக்கு யார் பதில் சொல்வது?