கொஞ்சம் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது

போன வருசம் வாணி விழாவுக்கு எங்கட ஊர் முன்பள்ளி ஒன்றில் உதவிக்குப் போயிருந்தோம். கம்பஸ் விடுமுறை, நாங்கள் நாலு பேர். தந்த வேலை அவலும் கடலையும் பங்கிடுவது. நாலு வயதுப் பிள்ளையொன்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "எனக்குக் கடலை வேண்டாம், அம்மா சாப்பிட வேண்டாமெண்டவ" என்றது. பக்கத்தில் நின்ற அம்மம்மா ஒருவர், "சாமிக்குப் படைச்சது பிள்ளை, கொஞ்சம் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது" என்றார். நாங்களும் சிரித்துக்கொண்டு அவலோடு நாலு கடலையைக் கையில் வைத்துவிட்டோம்.

கால்மணித்தியாலம்கூட ஆகவில்லை. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, பிறகு சத்தி, பிறகு இழுப்பு. 1990க்கு அடித்து, அம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை ஒழுங்காக மூச்சு விட்டது. தாய் எங்களை ஏசவில்லை. "ரீச்சரிட்ட எழுதிக் குடுத்தனான்" எண்டு மட்டும் சொன்னா. அந்தக் கடதாசி எங்கட கைக்கு வரவில்லை. ஆனால் பிள்ளை வாயால் சொன்னது வந்ததுதானே?

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது, "உதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வாற வருத்தமெல்லோ" என்ற கதைதான். கச்சான் ஒவ்வாமை பற்றிப் படங்களில் பார்த்திருப்பார்கள். கச்சானும் கடலை, பருப்பு, பயறு, உளுந்து போல அவரையினம்தான் என்பது பலருக்குத் தெரியாது (எங்களுக்கும் தெரியாதிருந்தது). எந்த ஊரில் எதை அதிகம் சாப்பிடுகிறார்களோ அங்கே அதற்கான ஒவ்வாமையும் தெரியவரும். பருப்பும் கடலையும் நிறையச் சாப்பிடும் இந்தியாவிலும் ஸ்பெயினிலும் அவற்றுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பருப்புத் தண்ணியோடு சோறூட்டத் தொடங்கும் எங்கட வீடுகளுக்கு மட்டும் விலக்கு இருக்குமா? ஒருவேளை நாங்கள் அதைக் கிரந்தி, சூடு, கண்ணூறு என்று வேறு பெயர்களில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் போல.

மற்றப் பக்கமும் பிழை நடக்கிறது. கடலை ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் பருப்பு, பயறு, கௌபி, சோயாமீற், தோசை எல்லாவற்றையும் வீட்டில் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பரிசோதனையில் வேறு அவரையினங்களும் தெரியலாம், ஆனால் அவற்றில் பலதைப் பிள்ளை பிரச்சினையில்லாமல் சாப்பிடக்கூடும். எதை நிறுத்துவது, எதை விடுவது என்பதை டொக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். மீனும் இறைச்சியும் வாங்க வழியில்லாத வீட்டில் பருப்பையும் நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? கிளினிக்கில் குடுக்கிற திரிபோஷாவிலும் சோயா இருக்கிறது. சோயா ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் அங்கே அதைச் சொல்லத்தான் வேணும். சொன்னால் காதில் விழவும் வேணும்.

பிந்திக் குடுத்தால் ஒவ்வாமை வராது என்று மருத்துவர்களே ஒருகாலம் நம்பினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல், ஆபத்துக் கூடிய பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை கச்சான் வேண்டாம் என்றது. 2008இல் அதைக் கைவிட்டது. 2015இல் லண்டனில் நடந்த லீப் ஆய்வு நேர்மாறாகக் காட்டியது: கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் கச்சான் உணவு குடுக்கத் தொடங்கியபோது, ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை சுமார் 80 வீதம் குறைந்திருந்தது. இது ஒவ்வாமை வராமல் தடுக்கிற கதை. ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு "கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழக்குவம்" என்று வீட்டில் தொடங்குவது வேறு, அது விளையாட்டில்லை.

இன்னொன்று. அண்டைக்கு யாரோ ஓடிப்போய்ப் பிரிற்றன் பாணி எடுத்து வந்தார்கள். அது கடியைக் குறைக்கும், அடைபடுகிற தொண்டையைத் திறக்காது. அதற்கு அட்ரினலின்தான் வேணும், அதுவும் கெதியாய். படங்களில் வருகிற பேனை மாதிரி ஊசியை எங்கட ரவுணில் மூன்று பார்மசிகளில் கேட்டுப் பார்த்தோம், இல்லை. அப்படியென்றால் இழுப்போ சத்தியோ தடிப்போடு சேர்ந்து வரும்போது, "பாப்பம்" என்று காத்திராமல் உடனே 1990க்கு அடிப்பதுதான் எங்கள் கையில் இருப்பது. பிள்ளையை எழுப்பி நடக்க வைக்கவும் கூடாது.

அடுத்த வாணி விழாவுக்கு ரீச்சரோடு முதலே கதைத்தோம். கடலை தனிச் சட்டி, அவல் தனிச் சட்டி, கரண்டியும் வேறு. யார் யாருக்கு எது கூடாது என்று சுவரில் ஒட்டியாயிற்று. அந்தப் பிள்ளையும் வந்தது. அவலை நீட்டினோம். "இதில கடலை பட்டதோ?" என்று கேட்டது. இல்லை என்றோம். எங்களை நம்பாமல் தாயைத்தான் திரும்பிப் பார்த்தது.