பறிபோகும் பாட்டு வேளை

சுங்குவார்சத்திரத்தில் இரவுப் பணி முடித்து வரும் தந்தை உறங்கச் செல்கையில், பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகிறது. அவ்வீட்டில் பாட்டு எப்போது ஒலிக்கும்? பள்ளியில்தான் ஒலிக்கவேண்டும். நம் தொடக்கப் பள்ளிகளிலோ, தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது பாட்டு வேளையே! ஆண்டு விழாவில் பதிவிசைக்கு வாயசைக்க வைத்து, அதை இசைக்கல்வி என்கிறோம்.

குருமடங்களில் மட்டுமன்று, கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசை கற்பிக்கப்படவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு 1963-இலேயே வலியுறுத்தியது (எண் 115). பணமில்லை என்பீர்களோ? சரளி வரிசைக்குச் சுருதிப் பெட்டியொன்றும், பாடத் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் போதுமே. கணினிக்கு அறை கட்டிய நாம் அவரைத் தேடினோமா?

பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்குமுன், வாரத்தில் பாட்டுக்கு எத்தனை வேளை என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழாதீர்கள்.