விழுந்ததா, விழவிடப்பட்டதா?

எந்தக் கட்டடமும் ஒரே நாளில் இடிபாடாகிவிடுவதில்லை. கூரை ஒழுகத் தொடங்கிய முதல் மழையிலிருந்து சுவர் சரியும் கடைசி மழை வரை, யாரேனும் அதைப் பார்த்துக்கொண்டே வாளாவிருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தி வயல்களுக்கு நடுவே 'மணி' என்றொரு சிற்றூர் உண்டு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பணம் என்று பொருள். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், அவ்வூரிலுள்ள பிரையன்ட் மளிகைக் கடைக்குள் நுழைந்தான். கடைக்காரரின் வெள்ளையின மனைவியிடம் தகாது நடந்தான் என்பது அவன்மீது சுமத்தப்பட்ட பழி. நான்காம் நாள் நள்ளிரவில் அவன் கடத்திக் கொல்லப்பட்டான். டல்லஹாச்சி ஆற்றில் பிணமாக மீட்கப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த ஜூரி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடைக்காரரையும் அவருடைய அரைச் சகோதரரையும் விடுவித்தது. அடுத்த ஆண்டே அவ்விருவரும் பத்திரிகையொன்றில் பணம் பெற்றுக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டனர்.

உலகறிந்த அந்தக் கடை இன்று கூரையற்ற செங்கற் குவியல். கொடிகள் மூடிய குட்டிச்சுவர். பக்கத்திலேயே நிற்கும் பழைய பெட்ரோல் நிலையமோ பளபளக்கிறது. 2011இல் மாநில அரசு, குடியுரிமைப் போராட்டத் தலங்களுக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து இரண்டு இலட்சம் டாலருக்கும் மேல் அதற்கு வழங்கியது. கொலைக்கும் அந்நிலையத்துக்கும் அண்டைக் கட்டடம் என்பதைத் தவிர வேறென்ன உறவு? நீதிக்கான பணம், ஐம்பதுகளின் இனிய நினைவுகளுக்கு வண்ணம் பூசிற்று.

கடை தனியார் உடைமை, அரசு என்ன செய்யும் என்பார் உண்டு. பெட்ரோல் நிலையமும் தனியார் உடைமைதான். அங்கே குறுக்கே நில்லாத சட்டம் இங்கே மட்டும் நின்றது எப்படி? இடிபாடே சாட்சியம், அதை அப்படியே விட்டுவைப்பதே மரியாதை என்பார் இன்னும் சிலர். கேட்க அழகான வாதம். ஆயின் கவனிப்பாரற்ற சாட்சியம் அடுத்த புயலுக்கு இரையாகும். அப்போது எந்த மரியாதை எஞ்சும்?

மனம் இருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு அதே வட்டாரத்தின் சம்னர் நகரமே சான்று. விடுதலைத் தீர்ப்பு வழங்கப்பட்ட நீதிமன்றக் கூடம், 1955இல் இருந்த தோற்றத்துக்கே அங்கு மீட்கப்பட்டுள்ளது. 2007இல் அதன் வாயிலில் டல்லஹாச்சி கவுண்டி, டில் குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவித்தது. 2023 ஜூலை 25, எம்மெட்டின் பிறந்தநாளன்று, அக்கூடமும் ஆற்றங்கரையும் சிகாகோவில் அவன் இறுதிச்சடங்கு நடந்த தேவாலயமும் தேசிய நினைவுச்சின்னமாயின. எல்லாம் தொடங்கிய கடை மட்டும் அதில் இல்லை.

ஆற்றங்கரையில் 2008இல் நாட்டிய நினைவுப்பலகை பிடுங்கப்பட்டது. அடுத்து வந்தவை துப்பாக்கிக் குண்டுகளால் துளைக்கப்பட்டன. 2019இல் குண்டு துளைக்காத பலகையே வைக்க நேர்ந்தது. பலகையைச் சுட்டவர்களை உலகம் கண்டித்தது, சரியாகவே கண்டித்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் மழையை ஏவிவிட்டுக் காத்திருந்தவர்களை எவரும் கண்டிக்கவில்லை. துப்பாக்கி, பலகையின் எழுத்துகளைத்தான் சிதைத்தது. புறக்கணிப்பு இடத்தையே அழித்துக்கொண்டிருக்கிறது.

எதைப் பழுதுபார்க்கிறோம் என்பதில் ஒரு சமூகத்தின் பெருமிதம் தெரியும். எதை விழவிடுகிறோம் என்பதில் அதன் அச்சம் தெரியும்.