பணிக்கொடையைக் கரைக்கும் படிகள்

ஆசிரியருக்கு,

1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு எளிதாக இருந்தது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டியிருந்தது. முப்பதால் வகுக்காமல் 26ஆல் வகுப்பது தொழிலாளிக்கு லாபம்தான். கோளாறு சம்பளச் சீட்டில் இருந்தது. மாதம் 40,000 ரூபாய் வாங்குபவருக்கு அடிப்படை 12,000 மட்டும், மீதியெல்லாம் விதவிதமான படிகள் என்றால், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கையில் வந்தது சுமார் 1,38,460 ரூபாய். அடிப்படை 20,000 என்றிருந்தால் 2,30,770.

அடிப்படையைக் குறைத்தால் வருங்கால வைப்புநிதிப் பிடித்தம் குறைந்து மாதாமாதம் கையில் கூடுதலாக நிற்குமே என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. நிற்கும்தான், ஆனால் முதலாளி செலுத்தும் பங்கும் அதே அளவு குறைகிறதே, அதை ஏனோ யாரும் சொல்வதில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போகும் படிகளை ஊதியமாகவே கருதுகின்றன. நிறுவனங்களுக்குச் செலவு ஏறும் என்பது மெய். அது புதுச் சுமையல்ல, இத்தனை நாள் தள்ளிப்போட்ட பாக்கி. சம்பளச் சீட்டிலேயே பணிக்கொடைக்குரிய ஊதியம் எவ்வளவு என்று தனி வரியாக அச்சிட வைத்தால், வேலையை விடும் நாளில் தகராறு பாதியாகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்