டாக்டராகப் பேசுங்கள்!

இன்று ஒரு மில் தொழிலாளிக்குப் படர்தாமரை வந்தால் அவர் முதலில் பார்ப்பது டாக்டரை அல்ல, செல்போனைத்தான். சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். தனியார் டாக்டரிடம் போனால் பல நாள் கூலி போகும். யூடியூபும் வாட்ஸ்அப்பும் ஷிப்டு முடிந்து படுத்த பாயிலேயே வந்து பேசுகின்றன.

ஆகவே தோல் டாக்டர்கள் அங்கே பேசுவதை நாம் குறை கூறவில்லை; வரவேற்கிறோம். படித்தவர் வாய் மூடியிருந்தால் அந்த இடத்தில் களிம்பு வியாபாரி உட்கார்ந்து கொள்வான். ஆனால் டாக்டர் அங்கேயும் டாக்டராகவே பேச வேண்டும். கம்பெனியின் தரகராகப் பேசக் கூடாது.

படர்தாமரையையே எடுத்துக் கொள்வோம். அது பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் சில நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அமுக்கிவிடுவதால் பூஞ்சை தாராளமாகப் படரும். களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். முகம் வெளுக்க வேண்டுமென்று இதே களிம்பை மாதக்கணக்கில் தடவிய பெண்களுக்குத் தோல் மெலிந்தது, பரு வெடித்தது, ரோமம் முளைத்தது. தோல் டாக்டர்களின் சங்கமே இதை எதிர்த்துப் போராடியது. 2018-ல் மத்திய அரசாங்கம் 14 ஸ்டீராய்டு மருந்துகள் கொண்ட களிம்புகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் சீட்டுக் கேட்பவர்தான் அபூர்வம்!

இந்த நிலையில், டாக்டர் ஒருவர் செல்போனில் ஒரு களிம்பின் பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? ஆயிரம் பேர் அதை வாங்குவார்கள். ஆயிரம் பேரின் தோலையும் அவர் பார்த்தாரா? அதற்குக் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்ததா? இதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு. கறுப்பு நோயல்ல. நோயல்லாததற்கு மருந்து விற்பது வைத்தியம் ஆகாது. 2020-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ ‘குளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. பெயர் மாறியது, வியாபாரம் நிற்கவில்லை.

படம் எடுக்கும் விஷயத்திற்கு வருவோம். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிய உழைப்பாளி டாக்டரை நம்பிக் கழற்றினார். ஊருக்குக் காட்ட அல்ல. ‘படம் போடலாமா?’ என்று மேஜைக்கு அப்பாலிருந்து டாக்டர் கேட்டால் மறுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? பெரிய மனிதரின் உடம்பை இப்படிப் போடுவார்களா?

விதிகள் இல்லையா? 2002-ஆம் ஆண்டு விதிகள் நோயாளிகளைப் பிடிக்க விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் சமூக வலைத்தளங்களுக்கென்றே விதிகள் வெளியிட்டது. அதே விதித் தொகுப்பில், ஜெனரிக் மருந்தே எழுத வேண்டும் என்றும் இருந்தது. இந்திய மருத்துவச் சங்கமும் மருந்துக் கம்பெனிகளும் ஆட்சேபித்தன. அம்மாதமே தொகுப்பு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. விதி தூங்கினால் மனச்சாட்சியும் தூங்க வேண்டுமா?

தோல் டாக்டர்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்:

கம்பெனியிடம் பணமோ பொருளோ பெற்றிருந்தால் முதல் வார்த்தையிலேயே அதைச் சொல்லுங்கள்.

நேரில் பாராதவருக்கு மருந்து எழுதாதீர்கள். எந்த அடையாளம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதி, சம்மதம் பெறாமல் படம் போடாதீர்கள். மறுத்தாலும் வைத்தியம் குறையாது என்று முன்னதாகவே கூறுங்கள். முகமோ, பச்சை குத்திய பெயரோ தெரிய வேண்டாம்.

எங்கள் நோய்களைப் பற்றிப் பேசுங்கள். சிமெண்டில் வெந்த கை, சாயத்தில் புண்ணான கால், பார்த்தீனியம் களை பறித்துத் தடித்த முகம் இவை உங்கள் வீடியோக்களில் வரட்டும். தொழிலால் வரும் தோல் நோயை அதிகாரிக்குத் தெரிவிப்பது டாக்டரின் கடமை என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே கூறியது. தொட்டால் உணர்வில்லாத வெளிறிய திட்டு தொழுநோயாக இருக்கலாம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், தவறாமல் சாப்பிட்டால் குணமாகும். இந்த ஒரு செய்தியைச் சொன்னால் எத்தனை விரல்கள் பிழைக்கும்!

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்கிறோம். நிறுத்தி வைத்த விதிகளில் மக்களைக் காப்பவற்றை உடனே அமுல் செய்க! தாலுகா ஆஸ்பத்திரிதோறும் தோல் டாக்டரை நியமித்திடுக! ஷிப்டு முடிந்து வருபவருக்கு மாலையிலும் கதவு திறந்திருக்கட்டும்.

தோழர்களே! செல்போனில் கேட்ட களிம்பை வாங்குமுன் சங்க அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டாகச் செல்லுங்கள். நம் உழைப்பை விற்றுத்தான் நாம் பிழைக்கிறோம். நம் தோலையும் விற்க எவருக்கும் இடம் கொடோம்!