ஹலோ டாக்டர்: கிட்னி பிரச்னை உள்ளவர்கள் கொழுப்புள்ள பன்றிக்கறி சாப்பிடலாமா?

என் அப்பாவுக்கு 61 வயது, எடை 60 கிலோ. சர்க்கரைநோய் உண்டு. கிரியாட்டினின் 2.3. நாள்பட்ட சிறுநீரக பாதிப்பு மூன்றாம் நிலையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். டயாலிசிஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொழுப்போடு பன்றிக்கறி எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். 'மூலத்துக்கு நல்லது' என்றும் சொல்கிறார். தடுத்தால் சாப்பிடாமலேயே எழுந்துவிடுகிறார். என்ன செய்வது?

பதில்:

அப்பாவின் தட்டிலிருந்து கறியையே எடுத்துவிட வேண்டியதில்லை. கொழுப்பை எடுத்தால் போதும்.

சிறுநீரக பாதிப்பு உள்ளவர்களில் பலருக்கு டயாலிசிஸ் நிலை வருவதற்கு முன்பே இதயநோய் வந்துவிடுகிறது. சர்க்கரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பன்றியின் வயிற்றுப்பகுதிக் கறி 100 கிராமில் ஏறத்தாழ பாதி கொழுப்புதான். சுமார் 500 கலோரி. புரதமோ 10 கிராம்கூட இல்லை. மூலத்தை அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வதே மூலத்துக்கு நல்லது.

அடுத்தது புரதம். டயாலிசிஸ் செய்யாதவர்களுக்கு, ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் என்பது பொதுவான கணக்கு. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 48 கிராம். சமைத்த, கொழுப்பில்லாத கறி 75 கிராமிலேயே சுமார் 20 கிராம் புரதம் வந்துவிடும். அதனால் கறி எடுக்கும் நாளில் முட்டை, பருப்பு, சுண்டல் வேண்டாம்.

சமைக்கும்போது தோலையும் வெள்ளைக் கொழுப்பையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கறியைச் சிறு துண்டுகளாக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு மசாலா சேருங்கள். பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஓரளவு குறையும். எலும்பு ரசம், மேலே மிதக்கும் எண்ணெய் வேண்டாம்.

உப்பு, ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம் கூடாது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை நீங்களாக வாங்கித் தராதீர்கள். அவற்றில் பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். அது இதயத்துடிப்பையே பாதிக்கலாம். பேக்கன், சாசேஜ், ஹாம் போன்றவற்றில் உப்போடு பாஸ்பேட்டும் சேர்ப்பது உண்டு. இயற்கையான கறியில் உள்ள பாஸ்பரஸைவிட இதை உடல் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அவற்றை அறவே தவிர்க்கவும்.

வாரம்தோறும் என்பதை மாதம் ஒன்றிரண்டு முறையாகக் குறைக்கலாமா என்று அப்பாவிடமே பேசுங்கள். பொட்டாசியம், பாஸ்பரஸ், யூரிக் அமிலம், கொலஸ்ட்ரால் முடிவுகளை உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் காட்டி அளவை உறுதிசெய்துகொள்ளுங்கள். யூரிக் அமிலம் கூடுதலாக இருந்தாலோ, பொட்டாசியம் ஏறியிருந்தாலோ அளவு மாறும். பின்னாளில் டயாலிசிஸ் தொடங்கினால் புரதம் கூடுதலாகத் தேவைப்படும். அப்போது இந்தக் கணக்கே வேறு.

ஒன்று மட்டும் முக்கியம். கோபத்தில் அப்பா பட்டினி கிடப்பதும் ஆபத்துதான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்தால் சர்க்கரை சட்டெனத் தாழ்ந்துவிடும். நாலு துண்டு நல்ல கறியை நீங்களே பரிமாறிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சண்டை குறையும், அளவும் உங்கள் கையில் இருக்கும்.