பிறப்புச் சான்றிதழை டிஸ்சார்ஜ் அன்னைக்கே வாசிச்சுப் பாருங்க

ரெண்டு மாசம் முன்னாடி புதுப்பட்டினத்துல இருந்து ஒரு அப்பா கிளினிக்குக்கு வந்தார். கடலுக்குப் போறவர். கூட அஞ்சு வயசுப் பையன், சளி காய்ச்சல். மருந்து எழுதி முடிச்சதும் பையிலிருந்து லேமினேட் பண்ணின ஒரு தாளை எடுத்து நீட்டினார். பையனோட பிறப்புச் சான்றிதழ். பாலினம்னு இருக்கிற இடத்துல "பெண்".

"ஸ்கூல்ல சேர்க்கப் போனப்பதான் சார் கவனிச்சாங்க. கோர்ட்டுக்குப் போகணுமாம். ஒருத்தர் 6,000 குடுத்தா மாத்தித் தரேன்னு சொல்றார். நெசமா சார்?"

நெசம் இல்லை. இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது எனக்கு வருது, அதனாலதான் இந்த நீண்ட பதிவு.

அவர் முதல்ல போனது ஊர் வி.ஏ.ஓ.கிட்ட. எல்லாரும் அப்படித்தான் போறாங்க. ஆனா பிறப்பு பதிவாகிறது நீங்க குடியிருக்கிற ஊர்ல இல்லை, குழந்தை பிறந்த இடத்துல. நம்ம பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே! இவர் மனைவிக்குக் கடலூர்ப் பக்கம். பையன் பிறந்ததும் அங்க ஒரு ஆஸ்பத்திரியில. அப்போ ரெஜிஸ்டர் இருக்கிறதும் அங்கதான், திருத்த வேண்டியதும் அங்க இருக்கிற பதிவாளர்தான். புதுப்பட்டினத்துல பத்து நாள் அலைஞ்சாலும் ஒண்ணும் நடக்காது.

சட்டம் ரொம்ப எளிமையானது. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம், 15-வது பிரிவு. பதிவுல தப்பு இருக்குன்னு பதிவாளருக்குத் திருப்தி ஆனா, அவரே திருத்தலாம். பழைய பதிவை அழிக்காம, ஓரத்துல சரியான விவரத்தை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும். டாக்டர்களுக்கு இது நல்லாத் தெரிஞ்ச முறை. கேஸ் ஷீட்ல தப்பா எழுதிட்டா நாங்க ஒயிட்னர் அடிக்க மாட்டோம். ஒரே ஒரு கோடு, பக்கத்துல சரியானது, கையெழுத்து, தேதி. அதே நேர்மைதான்.

எழுத்துப் பிழைன்னா விசாரிச்சுட்டுத் திருத்திடலாம். விஷயமே தப்புன்னா, விவரம் தெரிஞ்ச நம்பகமான ரெண்டு பேரோட உறுதிமொழி வேணும். பாலினத் தப்புக்கு ஆஸ்பத்திரி லேபர் வார்டு ரெஜிஸ்டர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை இதெல்லாம் இருந்தா வேலை சுலபம். எதுக்குப் புரோக்கர்?

இன்னொண்ணு, தப்பே இல்லாததைத் திருத்த வர்றவங்க. "சார், சான்றிதழ்ல காஞ்சிபுரம் மாவட்டம்னு இருக்கு, நாங்க செங்கல்பட்டு" அப்படின்னு. செங்கல்பட்டு மாவட்டம் உருவானது 2019 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி காஞ்சிபுரம். 1997-க்கு முன்னாடி செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம். ஒரே வீட்டுல மூணு பேர் சான்றிதழ்ல மூணு மாவட்டம் இருக்கும், மூணும் சரிதான். விட்டுடுங்க. (புதுப்பட்டினத்துக்கே இங்கிலீஷ்ல எத்தனை ஸ்பெல்லிங்னு கேட்டா நான் சொல்ல மாட்டேன். தமிழ்லயே சுழி தகராறு இருக்கு.) நியூமராலஜிக்காக பேர்ல ஒரு 'ஏ' கூட்டுறதும் திருத்தம் ஆகாது. அது பெயர் மாற்றம், அதுக்கு வழி அரசிதழ்.

ஆனா ஒரு எழுத்துக்கு மேல போற தப்புகளும் உண்டு. திருச்சியில ஒரு பெண், கணவரைப் பிரிஞ்சவர், விந்தணு தானம் மூலமா கருத்தரிச்சுக் குழந்தை பெத்தார். சிகிச்சைக்கு உதவின ஒருத்தரோட பேரை அப்பா பேரா பதிஞ்சுட்டாங்க. எடுக்கச் சொன்னா, பேரைத் திருத்தலாம், நீக்க முடியாதுன்னு பதில். 2018-ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, அந்தப் பேரை எடுத்துட்டு இடத்தைக் காலியா விடச் சொல்லிச்சு. உச்ச நீதிமன்றம் 2015-லயே, மணமாகாத தாய் கேட்டா அப்பா பேர் இல்லாம சான்றிதழ் குடுக்கணும்னு சொல்லியிருந்தது. அதுக்கப்புறமும் அந்தப் பெண் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்ததுதான் எனக்கு உறுத்தல்.

இப்போ டாக்டர்கள் கவனத்துக்கு. அந்தப் பையனோட தப்பு எங்க ஆரம்பிச்சிருக்கும்? நடுராத்திரி மூணு மணி, மூணாவது பிரசவம், மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியை எழுதின ஒரு கை. அது என் கை இல்லை. ஆனா ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ நானும் அப்படித்தான் எழுதினேன். அப்பா அம்மா பேரை வார்டுக்கு வெளியே நிக்கிற மாமாகிட்டயோ பெரியப்பாகிட்டயோ கேட்போம். வீட்டுல கூப்பிடுற பேரைச் சொல்வாங்க. ஆதார்ல தமிழ்ச்செல்வி, சான்றிதழ்ல செல்வி. தப்பு பிறக்கிற இடம் அதுதான்.

டிஸ்சார்ஜ் அன்னைக்குத் தடுப்பூசி போட்டாச்சா, தாய்ப்பால் சரியா குடிக்குதான்னு கேட்கிறோம். பிறப்பு அறிக்கைப் படிவத்தை அந்த அம்மாகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமா? கையெழுத்து வாங்குறோம், வாசிச்சுக் காட்டறதில்லை. இதை ஆஸ்பத்திரிகள் கட்டாயமாக்கணும்னு நான் நினைக்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2023-ல சட்டம் மாறிடுச்சு. 2023 அக்டோபர் 1-லிருந்து பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஸ்கூல், ஓட்டர் லிஸ்ட், டிரைவிங் லைசென்ஸ், கல்யாணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், எல்லாத்துக்கும். நமக்கெல்லாம் டி.சி.யை வெச்சுச் சமாளிக்க முடிஞ்சது. இந்தக் குழந்தைகளுக்கு அந்த வசதி இல்லை.

கடைசியா ஒரு சங்கடமான விஷயம். "ஸ்கூல் அட்மிஷனுக்கு நாலு நாள் குறையுது டாக்டர், தேதியைக் கொஞ்சம் முன்னாடி போட்டுக் குடுங்க" அப்படின்னு கேட்கிறாங்க. மாட்டேன். அது பொய். வயசுக்குத் தாள் எதுவுமே இல்லாத பிள்ளைகளை எலும்பு எக்ஸ்ரே எடுத்து வயசு சொல்லச் சொல்லி எங்ககிட்ட அனுப்புவாங்க. அதுல ரெண்டு வருஷம் வரைக்கும் முன்னபின்ன இருக்கும். பதினாறு வயசுப் பொண்ணைக் கல்யாணத்துல இருந்து காப்பாத்த வேண்டிய நேரத்துல அந்த ரெண்டு வருஷம் எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க. நாலு நாளுக்காகத் தேதியில கை வைக்க ஆரம்பிச்சா, நாளைக்கு அந்தத் தாளை யார் நம்புவாங்க?

அந்த அப்பா கடலூர்ப் பக்கம் ரெண்டு தடவை போய் வந்தார். முதல் தடவை ஆஸ்பத்திரியில ரெஜிஸ்டர் நகல், ரெண்டாவது தடவை மனு. பஸ் காசும் ரெண்டு நாள் தொழிலும் போச்சு. புரோக்கருக்குப் போகல. போன வாரம் போன் பண்ணினார். சான்றிதழ் வந்துடுச்சாம், "ஆண்"னு தெளிவா இருக்காம்.

"லேமினேட் பண்ணிடட்டுமா சார்?"

வேண்டாம்னு சொன்னேன்.